‘நீந்தக் கூடாது’ என்று எழுதினால் போதுமா?

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்குக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்துவிடும் வீடியோ ஒன்று உண்டு. பாசி படிந்த நீர்ச்சறுக்குப் பாதை, கொடி ஏறிய மரப்பாலம், பின்னணியில் திகில் இசை. ‘டிஸ்னி மறைத்த மர்ம பூங்கா!’ என்று தலைப்பு. நீங்களும் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் ஸ்க்ரோல் செய்யும்போது பார்த்திருப்பீர்கள்.

வீடியோவில் வரும் இடம் உண்மையானது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில், பே லேக் என்ற ஏரியின் கரையில் 1976-ல் திறக்கப்பட்டது ‘ரிவர் கன்ட்ரி’. டிஸ்னியின் முதல் வாட்டர் பார்க். நம் ஊரில் பிள்ளைகள் ஆற்றங்கரை மரத்திலிருந்து குதித்துக் குளிப்பார்களே, அதே அனுபவத்தை டிக்கெட் போட்டுக் கொடுத்தார்கள். அங்கே இருந்த பெரிய குளத்துக்கு ஏரித் தண்ணீரைத்தான் வடிகட்டிப் பயன்படுத்தினார்கள்.

2001 நவம்பரில் சீசன் முடிந்து மூடியவர்கள், அப்புறம் திறக்கவே இல்லை. பதினேழு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தது. 2019-ல்தான் இடித்தார்கள்.

‘அமீபா தாக்கி ஒரு சிறுவன் செத்தான், அதனால் மூடிவிட்டார்கள்’ என்று வீடியோக்கள் சொல்லும். சிறுவன் இறந்தது உண்மை. 1980-ல், பதினொரு வயது. ஆனால் பூங்கா அதற்குப் பிறகும் 21 வருடம் ஓடியது. அதற்குள் அதே டிஸ்னி வேர்ல்டில் 1989-லும் 1995-லும் இன்னும் பெரிய வாட்டர் பார்க்குகள் வந்துவிட்டன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகளும் குறைந்துபோனார்கள். பேயும் இல்லை, மர்மமும் இல்லை.

அந்த அமீபா பற்றி நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ‘நெக்லேரியா ஃபௌலெரி’ என்று பெயர். வெதுவெதுப்பான ஏரி, குளத்து நீரில் இயற்கையாகவே இருக்கும். அந்த நீரைக் குடித்தால் இந்த நோய் வராது. மூக்கு வழியாக உள்ளே போனால்தான் மூளைக்குப் போகிறது. போய்விட்டால் பிழைப்பவர்கள் மிக மிகக் குறைவு. முறையாகக் குளோரின் கலந்த நீச்சல் குளத்தில் இது தாக்குப்பிடிக்காது. இப்படி அமீபாவால் வரும் மூளைக்காய்ச்சல் 2024-லும் 2025-லும் பக்கத்து கேரளத்தில் பல உயிர்களைப் பறித்ததை நாமே செய்தியாகப் படித்தோம்.

பே லேக்கின் நடுவே இன்னொரு கைவிடப்பட்ட இடமும் உண்டு. ‘டிஸ்கவரி ஐலேண்ட்’ என்ற குட்டித் தீவு. 1974 முதல் 1999 வரை பறவைகளும் விலங்குகளும் இருந்த பூங்கா. ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலங்களில் மட்டுமே வாழ்ந்த ஒரு கருநிறச் சிட்டுக்குருவி இனத்தின் கடைசிக் குருவி 1987-ல் இறந்தது இந்தத் தீவில்தான். கொசுவை ஒழிக்கச் சதுப்பு நிலத்தில் தண்ணீரைத் தேக்கினார்கள், பூச்சி மருந்து அடித்தார்கள். குருவிக்கு வாழ இடமில்லாமல் போனது. ‘பேய்த் தீவு’ வீடியோக்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதே இல்லை.

இதையெல்லாம் தேடிப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. பாழடைந்த இடத்தைப் பார்த்துத்தான் நாம் பயப்படுகிறோம். ஆனால் என்னை மிகவும் கலங்கடித்த சம்பவம் நடந்தது, விளக்குகள் மின்னும் ஆடம்பர ரிசார்ட்டின் மணல் கரையில்.

2016 ஜூன் 14. அதே டிஸ்னி வேர்ல்டில், பே லேக்கோடு இணைந்த ‘செவன் சீஸ் லகூன்’ என்ற செயற்கை ஏரி. நெப்ராஸ்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு குடும்பம். இரவு ஒன்பது மணி சுமாருக்கு அவர்களுடைய இரண்டு வயது மகன் தண்ணீர் ஓரத்தில் மணல் வீடு கட்டிக்கொண்டிருந்தான். அலிகேட்டர் வகை முதலை ஒன்று அவனைக் கவ்வி இழுத்துப்போனது. அப்பா தண்ணீருக்குள் பாய்ந்து போராடியும் மீட்க முடியவில்லை. மறுநாள் உடல்தான் கிடைத்தது.

கரையில் பலகை இருந்தது. ‘நீந்தக் கூடாது’ என்று மட்டும். முதலை என்ற வார்த்தையே அதில் இல்லை.

அந்தப் பிள்ளை நீந்தவில்லை. பலகை சொன்னதை அந்தக் குடும்பம் மீறவும் இல்லை. முதலையே இல்லாத குளிர்ப் பிரதேசத்திலிருந்து வந்தவர்களுக்கு, அந்தப் பலகையைப் படித்தால் என்ன தோன்றும்? ‘ஆழமாக இருக்கும்போல’ என்றுதானே? அப்படியும் சோஷியல் மீடியாவில் முகம் தெரியாத ஆயிரம் பேர் பெற்றோரைத்தான் திட்டினார்கள்.

எங்கள் ஆயா ஊர் சிதம்பரத்துக்குப் பக்கம், கொள்ளிடக் கரை. அங்கே ஆற்றில் முதலை இருப்பது ஊருக்கே தெரியும். சின்ன வயதில் லீவுக்குப் போனால் ஆயா, “குளிக்கப் போகாத” என்று மொட்டையாகச் சொன்னதே இல்லை. “ஏ புள்ள, அந்தத் துறைப் பக்கம் போவாத, முதலை படுத்திருக்கும். பொழுது சாஞ்சா தண்ணி ஓரம் நிக்கவே கூடாது” என்பார். பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஆயா எங்களுக்குக் காரணத்தையும் நேரத்தையும் சேர்த்துச் சொன்னார். ‘கூடாது’ என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் மீறத்தான் பார்ப்பார்கள். காரணம் தெரிந்ததால் நாங்கள் மீறவில்லை.

அந்தச் சாவுக்குப் பிறகு டிஸ்னியும் காரணத்தைச் சொன்னது. சில நாள்களிலேயே ‘முதலைகளும் பாம்புகளும் உண்டு, தண்ணீர் அருகே போகாதீர்கள், விலங்குகளுக்கு உணவு போடாதீர்கள்’ என்று புதுப் பலகைகள் வந்தன. கரையில் வேலியும் பாறைகளும் வைத்தார்கள். 2017-ல் அந்தக் குழந்தையின் நினைவாக ஒரு கலங்கரை விளக்கச் சிற்பமும் நிறுவினார்கள்.

உணவு போடாதீர்கள் என்பது சும்மா இல்லை. மனிதன் கையால் தின்று பழகிய முதலைக்கு மனிதனிடம் பயம் போய்விடும். ஆளைப் பார்த்தாலே சாப்பாடு என்று நெருங்கும். அதனால்தான் ஃப்ளோரிடாவில் முதலைக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். அந்த மாகாணத்தில் சுமார் 13 லட்சம் அலிகேட்டர்கள் இருப்பதாக வனவிலங்குத் துறை கணக்கிடுகிறது. அங்கே ஏரி இயற்கையா, செயற்கையா என்று முதலை பார்ப்பதில்லை. வெட்டிய குளத்துக்கும் கால்வாய் வழியாக வந்து சேரும்.

போன வாரம் அக்கா ஒரு ரிசார்ட் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ஏரியை ஒட்டிய காட்டேஜ். “குட்டிப் பையனுக்குத் தண்ணின்னா உயிர். போலாமாடீ?” என்று கேட்டிருந்தாள். அவனுக்கு மூன்று வயது. தாராளமாகப் போகலாம் என்றேன். கூடவே, புக் செய்வதற்கு முன் போன் போட்டுக் கேட்கச் சொல்லி நாலு கேள்விகளை அனுப்பினேன். உங்களுக்கும் பயன்படலாம்.

* நீச்சல் குளத்துக்குக் குளோரின் கலந்த நீரா, ஏரி நீரா? குளோரின் அளவைத் தினமும் பார்க்கிறார்களா?

* ஏரியில், அதைச் சுற்றி என்னென்ன விலங்குகள் உண்டு? முதலை, பாம்பு என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

* பொழுது சாய்ந்த பிறகு கரைக்குப் போக விடுகிறார்களா? அங்கே வேலியும் காவலாளியும் உண்டா?

* மூடிக்கிடக்கும் பழைய குளமோ சறுக்கோ வளாகத்துக்குள் இருக்கிறதா? தேங்கிய நீரும் புதரும் பாம்புக்குச் சௌகரியம், பிள்ளைகளுக்கோ ஆர்வம்.

‘டேஞ்சர்’ என்று மட்டும் எழுதிய பலகையைப் பார்த்தால், என்ன டேஞ்சர் என்று வரவேற்பறையில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், பிள்ளையைத் தண்ணீர் ஓரம் விடாதீர்கள்.

அக்கா கேட்டுவிட்டாள். இரண்டு கேள்விக்குப் பதில் வந்திருக்கிறது. மீதி இரண்டுக்கும் ‘மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறோம்’ என்றிருக்கிறார்கள். அதுவரை அட்வான்ஸ் கட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.