இல்லாத ஒலியை நானே செய்து பார்த்தேன்

கலேவெலயில் எங்கள் வீட்டுக்கும் ஏ-6 பாதைக்கும் நடுவில் ரெண்டு வளவுதான். தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏத்தின லொறிகள் ராவெல்லாம் போகும். சின்ன வயசிலிருந்து கேட்டுப் பழகின சத்தம்தான். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மாதங்களில்தான் அது நித்திரையைக் கெடுக்கத் தொடங்கியது. உண்மையில் கெடுத்தது லொறி இல்லை என்று எனக்கும் தெரியும்.

அப்போதுதான் கூட்டாளி ஒருத்தி யூடியூப் லிங்க் ஒன்று அனுப்பினாள். ‘பைனோரல் பீட்ஸ், தீட்டா அலை, ஆழ்ந்த தியானம், எட்டு மணித்தியாலம்.’ ஹெட்போன் போட்டுக் கண்ணை மூடினேன். நல்லாத்தான் இருந்தது, நடுவில் விளம்பரம் வந்து கத்தும்வரை. டேட்டாவும் கரைந்தது. இதை நாமே செய்ய முடியாதா என்று தேடினேன்.

இது ஏ.எல். பௌதிகவியலில் படித்த சமாச்சாரத்தின் உறவுக்காரன். கிட்டத்தட்ட ஒரே மீடிறன் உள்ள ரெண்டு இசைக்கவர்களை ஒன்றாகத் தட்டினால் ஒலி கூடிக் குறைந்து அலையும். அதுதான் அடிப்புகள். 200 ஹேர்ட்ஸும் 206 ஹேர்ட்ஸும் சேர்ந்தால் செக்கனுக்கு 6 அடிப்புகள். ஆனால் அது காற்றில் நடக்கும் விஷயம். பைனோரலில் ரெண்டு ஒலியும் காற்றில் சந்திப்பதே இல்லை. 200 இடது காதுக்கு மட்டும், 206 வலது காதுக்கு மட்டும். சந்திப்பு நடப்பது தலைக்குள், மூளைத்தண்டில்.

ஒரு லொறி இடப்பக்கம் வருகிறதா வலப்பக்கம் வருகிறதா என்று நாம் அறிவதும் அதே இடத்தின் உதவியால்தான். ஒலி ரெண்டு காதுக்கும் வந்து சேரும் மிகச் சின்ன நேர வித்தியாசத்தை அது ஒப்பிடுகிறது. ரெண்டு மீடிறனும் கொஞ்சம் வேறாக இருந்தால் அந்த வித்தியாசம் மாறிக்கொண்டே இருக்கும். மூளை அதை ஓர் அலைவாக நமக்குக் கேட்கவைக்கிறது. ஹைன்றிக் டோவ என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதை 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருக்கிறார். 1973இல் ஜெரால்ட் ஒஸ்டர் சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இது பரவலானது. சுமார் 1000 ஹேர்ட்ஸுக்கு மேலே போனால் இந்த வித்தை வேலை செய்யாது.

செய்வதற்கு ஒடாசிட்டி போதும். 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள், பழைய லெப்டொப்பிலும் ஓடும். ‘ஜெனரேட்’ மெனுவில் ‘டோன்’. சைன் அலை, 200 ஹேர்ட்ஸ், வீச்சு 0.2, பத்து நிமிஷம். பிறகு தனியாக இன்னொரு மோனோ டிராக் திறந்து அதில் 206. முதலாவதன் பேன் குமிழை முழுக்க இடதுக்கும், மற்றதை முழுக்க வலதுக்கும் தள்ள வேண்டும். மூன்றாவது டிராக்கில் ‘நொய்ஸ்’ போய் பிரவுன் நொய்ஸ், தூரத்து மழை மாதிரி. தொடக்கத்தில் ஃபேட் இன், முடிவில் ஃபேட் அவுட். ஸ்டீரியோ வேவ் ஃபைலாக எடுத்தால் 100 எம்.பி.க்குக் கொஞ்சம் மேலே வரும். ஃபோனில் மோனோ ஓடியோ ஒன் ஆகியிருந்தால் ரெண்டு ஒலியும் கலந்துவிடும், அதை ஓஃப் செய்ய வேண்டும். சத்தம் குறைவாகவே வைக்க வேண்டும். வலிப்பு உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

நொய்ஸ் சேர்க்க முன்னம் வெறும் டோன்களைக் கேட்டேன். தலைக்குள் ஏதோ மெல்லத் துடித்தது. இடது ஹெட்போனைக் கழற்றினேன். துடிப்பு நின்றுவிட்டது, நேரான ஓர் இரைச்சல் மட்டும். திரும்பப் போட்டேன், துடிப்பும் வந்தது. வெளியில் இல்லாத ஒன்றை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்! அன்று ராவு அதை எத்தனை தரம் கழற்றிப் போட்டேன் என்று கணக்கில்லை.

“என்ன மகள், ராவைக்கு காதுல அதப் போட்டுட்டு ஒக்காந்து ஈக்கிற? ரெண்டு ரக்அத் தொழுதுட்டுப் படு” என்றார் உம்மா.

கொஞ்ச நாளில் நித்திரை வரத் தொடங்கியது. தீட்டா வேலை செய்கிறது என்று எல்லாருக்கும் சொன்னேன். செக்கனுக்கு 4 முதல் 8 வரையான மூளை அலைக்குத் தீட்டா என்று பெயர். 6 அடிப்பைக் கேட்டால் மூளையும் 6க்கு மாறும் என்பதுதான் யூடியூப் வாக்குறுதி. தங்கச்சிதான் கேட்டாள், “ஆறுதான் வேலை செய்யுதுண்டு ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

பதில் இல்லை. ஆனால் கையில் ஒடாசிட்டி இருந்தது. இன்னொரு ஃபைல் செய்தேன். எல்லாம் அதே, ரெண்டு காதுக்கும் 200 மட்டும். வித்தியாசம் பூச்சியம், அடிப்பும் இல்லை. துடிப்பு காதில் பிடிபடாதபடி ரெண்டிலுமே நொய்ஸைக் கூட்டினேன். எது எது என்று எனக்குத் தெரியாமல் தங்கச்சி ‘அ’, ‘ஆ’ என்று பெயர் மாற்றினாள், ஒவ்வொரு ராவும் ஒன்றைப் போட்டாள். நான் கேட்டுவிட்டு மனசு எப்படி என்று பத்துக்குப் புள்ளி எழுதினேன். ரெண்டு கிழமைக்குப் பிறகு கொப்பியைத் திறந்தோம். ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. எது தீட்டா என்று நான் ஊகித்தது காசு சுண்டிப் பார்த்த மாதிரித்தான் இருந்தது.

ஒரே ஆள், ரெண்டு கிழமை. இது ஆய்வு இல்லை. ஆனால் ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2023இல் பிளொஸ் வன் இதழில் 14 ஆய்வுகளை அலசினார்கள். மூளை அலை அடிப்போடு சேர்ந்து மாறுகிறது என்பதற்கு 5 ஆதரவு, 8 எதிர், ஒன்று கலவை.

எனக்கு முதலில் கவலையாகத்தான் இருந்தது, நம்பின ஒன்று போய்விட்டதே என்று. பிறகு யோசித்தேன். நித்திரை வந்தது பொய் இல்லையே. ரெண்டு ஃபைலிலும் பொதுவாக இருந்தது பத்து நிமிஷம், மழைச் சத்தம், ஃபோனைத் தொடாத கை, மூடின கண். வேலை செய்தது அதுவாக இருக்கலாம். உம்மா சொன்ன ரெண்டு ரக்அத்திலும் இதில் பாதி இருக்கிறது, சொன்னால் சிரிப்பார்.

யூடியூபில் கேட்டிருந்தால் இது தெரிந்திருக்காது. அங்கே ‘ஆ’ ஃபைல் கிடையாது, அதை யாரும் நமக்குச் செய்து தர மாட்டார்கள். இப்போதும் ராவில் பத்து நிமிஷம் உட்காருகிறேன், பெரும்பாலும் வெறும் நொய்ஸோடு. நீங்களும் செய்து பாருங்கள், தலைக்குள் அந்தத் துடிப்பை ஒருமுறையாவது கேட்க வேண்டும். ஆனால் ரெண்டாவது ஃபைலையும் சேர்த்துச் செய்யுங்கள். பெயர் மாற்றுவதற்கு வீட்டில் ஒரு தங்கச்சி இருந்தால் போதும்.