சூளை ஊரிலிருந்து கேம் டிசைனுக்கு

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு கல்வி நிலையம் இருக்கிறது. களிமண், வார்ப்பு, சூளை என்று கைபடச் செய்து பழகித்தான் இந்தத் தொழில் வரும். வீடியோ கேம் வடிவமைப்புக்கும் அதே வழிதான்.

தேசிய வடிவமைப்பு நிறுவனம் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனில் முதுகலைப் படிப்பு நடத்துகிறது. நுழைவுத் தேர்வு உண்டு. ஆனால் வேலைக்குப் போகும்போது பட்டத்தோடு, செய்து முடித்த விளையாட்டும் கையில் இருக்க வேண்டும்.

கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை ‘வெண்பா’. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட இந்த விளையாட்டு, இட்லியில் தொடங்குகிறது. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதை வென்றது! நம் அடுப்படி உலக மேடை ஏறியது என்றால், விருத்தாசலத்துச் சூளையும் ஏறும்.

காலேஜ் சேரும்வரை காத்திருக்க வேண்டாம், தம்பி தங்கைகளே. விளையாட்டு உருவாக்க உதவும் பிளெண்டர், கோடோ மென்பொருள்கள் இலவசம். சின்னதாக ஒரு விளையாட்டை முழுசாக முடித்துவிடுங்கள்.