பழகப் பழகப் பாலும் புளிக்கும்

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்தை அடுத்த ஒரு சிற்றூர். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். என் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்படுவார். பட்டையைச் சீவி, வடியும் பாலைச் சிரட்டையில் ஏந்தி, அந்தக் கூலியில்தான் என்னைத் தில்லிக்குச் செவிலியர் படிப்புக்கு அனுப்பினார். அந்தப் பாலே தலைநகரில் எனக்குப் பகையாகும் என்று எங்கள் வீட்டில் யார் நினைத்திருப்பார்கள்?

கையுறையின் கதையே ஒவ்வாமையில் தொடங்கிய கதைதான். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். அவருடன் பணியாற்றிய கரோலின் ஹாம்ப்டன் என்னும் செவிலிக்குக் கிருமி நீக்கும் பாதரசக் கரைசலால் கைகள் வெந்து புண்ணாயின. அவருக்காகவே மெல்லிய ரப்பர்க் கையுறை செய்து தருமாறு குட்இயர் நிறுவனத்தை ஹால்ஸ்டெட் கேட்டுக்கொண்டார். 1890-இல் அந்தச் செவிலியையே மணந்தும் கொண்டார். மருத்துவ உலகம் அந்தத் திருமணத்தை விடக் கையுறையைத்தான் அதிகம் கொண்டாடுகிறது! ஒரு பெண்ணின் கையைக் காக்க வந்த பொருள், பின்னாளில் எத்தனையோ பேர் கையைப் பதம் பார்த்தது.

எனக்கு இரண்டாம் ஆண்டில் தொடங்கியது. கையுறை மாட்டிய சில நிமிடங்களில் அரிப்பு. கழற்றினால் மணிக்கட்டுவரை தடிப்பு தடிப்பாய்ச் சிவந்திருக்கும். பக்கத்துத் தோழி தன் கையுறையைச் சடக்கென்று உருவினால் எனக்குத் தும்மல் வரும். தொலைபேசியில் சொன்னபோது அம்மா, “காணாக்கடி, மக்களே! ஊருக்கு வா, மந்திரிக்கலாம்” என்றார். விடுதியில் ஒருத்தி உள்ளே பருத்தியுறை போடச் சொன்னாள். இன்னொருத்தி, “பேசாமல் பி.ஏ. சேர்ந்துவிடு” என்றாள். இந்தக் கடைசி யோசனைதான் என் உறக்கத்தைக் கெடுத்தது. இரண்டாண்டுக் கட்டணம் என்றால் எத்தனை மரத்துப் பால் என்பதை நான் கணக்கிட்டுப் பார்த்ததுண்டு.

தோல் மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, “எவ்வளவு நேரத்தில் வருகிறது?” என்பது. அந்தக் கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று பிறகு புரிந்தது. அடிக்கடி சோப்பும் வெந்நீரும் பட்டு, ஈரம் உலருமுன் கையுறை மாட்டுவதால் வரும் வறட்சியும் வெடிப்பும் ஒவ்வாமையே அல்ல. தில்லிக் குளிரில் நம்மிற் பலருக்கு இருப்பது இதுதான். ஒன்றிரண்டு நாள் கழித்துக் கொப்புளமும் அரிப்பும் வந்தால், ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் இரசாயனங்கள் காரணமாக இருக்கலாம். முதுகில் ஒட்டுச்சோதனை செய்தால் தெரிந்துவிடும். நிமிடங்களில் வருவது பாலிலுள்ள புரதத்தால். மூச்சுவரை போகக்கூடியது இந்த வகைதான். இரத்தச் சோதனையில் எனக்கு இருப்பது இதுவே என்று தெரிந்தது.

சிறுமியாய் இருந்தபோது அந்தப் பாலைக் கையால் வழித்து உருட்டிப் பந்து செய்தவள் நான். அப்போது ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்டேன். ஒவ்வாமை பிறவியிலேயே கூட வருவதன்று, பட்டுப் பட்டு வளர்வது என்றார் மருத்துவர். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று நம் முன்னோர் சொன்னது எந்தப் பாலைப் பற்றியோ!

நைட்ரைல் கையுறைக்கு மாறினால் தீர்ந்தது என்று மகிழ்ந்தேன். தீரவில்லை. மாட்டுவதற்கு எளிதாகச் சில கையுறைகளில் தூவும் சோளமாவு, ரப்பர்ப் புரதத்தைச் சுமந்துகொண்டு காற்றில் பறக்கிறது. அமெரிக்கா அத்தகைய மாவுக் கையுறைகளை 2017 சனவரி முதல் தடைசெய்துவிட்டது. எங்கள் வார்டில் அவை தாராளமாகப் புழங்கின. என் கையுறையை நான் மாற்றிக்கொண்டால் போதாது. அருகில் நிற்பவர்களையும் மாற்றச் சொல்ல வேண்டும். அயலூரில், அரைகுறை இந்தியில், பெரியவர்களிடம் போய் இதைச் சொல்வது எளிதா? சான்றிதழோடு கொடுத்த விண்ணப்பம் மூன்று வாரம் ஒரு மேசையில் உறங்கிற்று. கைக்காசில் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டேன். அதற்குள் எங்கள் குழுவிலிருந்த பஞ்சாபித் தோழி ஒருத்தி, நான் கேளாமலே எல்லாரையும் மாவில்லாக் கையுறைக்கு மாற்றிவிட்டாள். விண்ணப்பத்தைவிட அவள் குரலுக்கு வலிமை அதிகம்.

வார்டுப் பொறுப்பிலிருந்த மலையாளச் சகோதரி விவரம் கேட்டுவிட்டு, “மோளே, இனி நீதான் நமக்குக் கண்” என்றார். கை கட்டும் ரப்பர்ப் பட்டை, சிறுநீர்க் குழாய், ஒட்டுப் பிளாஸ்திரி என்று எதில் ரப்பர் உண்டு, எதில் இல்லை என்று என்னைப் பார்த்துவைக்கச் சொன்னார். முதுகெலும்பு மூடாமல் பிறந்து பலமுறை அறுவை கண்ட குழந்தைகளுக்கு இந்த ஒவ்வாமை மிகுதி. அப்படி ஒரு குழந்தை வந்த அன்று, கட்டிலருகே எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று என்னைத்தான் கேட்டார்கள். பி.ஏ. யோசனை அன்றோடு போயிற்று.

மருத்துவம் பயிலும் நம் சங்கத்து அன்பர்களுக்கும் ஒரு சொல். பிணக்கூறு அறையில் கண்ணும் மூக்கும் எரிவதைச் சளி என்று தள்ளிவிடாதீர்கள், அது பார்மலின். ரப்பர்க் கையுறையைவிட நைட்ரைல் அதை நன்கு தடுக்கும். ரப்பர்க் கையுறை அணிபவர்கள் உள்ளே தேங்காயெண்ணெய் தடவ வேண்டா. எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் நைந்துவிடும். அழுக்குப் படாத கைக்குச் சோப்பைவிடச் சாராயக் கரைசலே தோலுக்கு இதமானது. மூச்சு முட்டினால் மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று காத்திராமல், தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசி போடச் சொல்லுங்கள்.

ரப்பர்ப் பால் ஆகாதவர்களுக்கு வாழைப்பழமும் பப்பாளியும் கூடச் சிலவேளை ஆகா. எனக்குப் பப்பாளி ஆகும். வாழைப்பழம் தொண்டையை அரிக்கிறது. பொங்கல் விழாவில் எல்லார் கையிலும் ஆளுக்கொரு பழம் திணிக்கும் நம் செயலாளர் இதைக் கருணையோடு குறித்துக்கொள்வாராக. வார்டில் என் நைட்ரைல் பெட்டிமேல் தமிழில் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் படிக்கத் தெரியாத இரவுப்பணித் தோழியர் தாராளமாய் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வாரம் இந்தியிலும் எழுதப்போகிறேன்.