கையுறை

நுழையும்முன்

கை செய்யும் வேலையை எந்திரம் ஏற்றுக்கொண்ட காலம் இது. எனினும், எந்திரம் இன்னும் கற்றுக்கொள்ளாத சில வேலைகள் கையிடமே எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று கொக்கி ஊசிப் பின்னல். தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரொன்றில், ஒரு குழந்தைக்காகப் பின்னப்பட்ட சிறு கையுறை, பின்னியவரின் வாழ்வில் என்ன செய்தது என்பதைத் தன் அனுபவமாக எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

படப்பை என்னும் ஊர்

எங்கள் ஊரின் பெயர் படப்பை. சங்க இலக்கியத்தில் 'படப்பை' என்னும் சொல் தோட்டத்தையும் வீட்டை அடுத்த கொல்லையையும் குறிக்கும். பெயருக்கேற்ப ஏரியும் வயலும் தோப்புமாக இருந்த ஊர்தான் இது. பல்லவர் சாளுக்கியரை எதிர்த்துப் போரிட்ட மணிமங்கலம் எங்களுக்கு அண்மையில்தான் உள்ளது. இன்று வண்டலூர் – வாலாஜாபாத் நெடுஞ்சாலையில் நின்று பார்ப்பவர், மகிழுந்துகளை ஏற்றிச் செல்லும் நீண்ட சரக்குந்துகளையும் தொழிலாளர் பேருந்துகளையுமே காண்பார். மேற்கே ஒரகடத்திலும் அதற்கப்பால் திருப்பெரும்புதூரிலும் மகிழுந்து, சரக்குந்து, மோட்டார் சைக்கிள், உருளிப்பட்டை, மின்னணுக் கருவி என எத்தனையோ பொருள்கள் உருவாகின்றன. அவற்றுக்கான சிற்றுறுப்புகளைச் செய்து தரும் பட்டறைகள் சாலையின் இருபுறமும் உள்ளன.

அத்தகைய பட்டறை ஒன்றில்தான் என் அண்ணன் வேலை பார்த்தார். தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அழுத்து எந்திரம் அவர் பொறுப்பில் இருந்தது. ஒருநாள் இரவுப்பணியில், பழுதான பாதுகாப்புத் தடுப்பைச் சரிசெய்யாமலேயே எந்திரத்தை ஓட்டச் செய்தனர். அண்ணனின் இடக்கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் போயின. நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு மாணவி.

புண் ஆறிற்று, இழப்பீடும் வந்தது. ஆனால் அண்ணனின் இடக்கை எப்போதும் காற்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. உணவுண்ணும்போதும் அதனை மடியில் மறைத்துக்கொள்வார். உறவினர் வந்தால் பின்கட்டுக்குச் சென்றுவிடுவார். எஞ்சிய மூன்று விரல்களையும் அசைத்துப் பழக்க வேண்டும் என்று மருத்துவர் கூறியிருந்தார். அதற்காகக் கொடுத்த மென்பந்து அலமாரியில் தூசு படிந்து கிடந்தது.

ஆயாவின் கொக்கி ஊசி

எங்கள் ஆயா இளமையில் பள்ளியில் கற்ற கைவேலை ஒன்று உண்டு. அதைக் 'குரோஷா' என்பார். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல்விரிப்பும், சாமி படத்தின் அடிவிரிப்பும், தண்ணீர்ச் செம்பின் மூடுதுணியும் அவர் பின்னியவையே. நுனியில் சிறு கொக்கியுடைய ஒற்றை ஊசி, ஒரு நூலுருண்டை ஆகிய இரண்டே அதற்கான கருவிகள்.

இரண்டு ஊசிகளால் செய்யும் கம்பளிப் பின்னலில், பின்னியவரிசைக் கண்ணிகள் அனைத்தும் ஊசியிலேயே காத்திருக்கும். ஊசி நழுவினால் பல கண்ணிகள் அவிழக்கூடும். குரோஷாவிலோ எந்நேரமும் ஊசியில் காத்திருப்பது பெரும்பாலும் ஒரே கண்ணிதான். முந்தைய பின்னல்கள் யாவும் முடிந்து, தம் இடத்தில் அமர்ந்துவிடுகின்றன. தவறு நேர்ந்தால் நூலை இழுத்து, தவறிய இடம்வரை பிரித்து, அதே நூலால் மீண்டும் பின்னலாம். தொடக்க நிலையினர்க்கு இதைவிடப் பரிவுடைய கைவேலையை நான் அறியேன்.

இன்னொன்றையும் நான் பின்னாளில் அறிந்தேன். துணியை நெய்யவும் கம்பளியைப் பின்னவும் எந்திரங்கள் வந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. குரோஷாவைப் போலத் தோற்றம் தரும் துணியைப் பின்னும் எந்திரங்களும் உண்டு. ஆனால் கை பின்னும் உண்மையான குரோஷாவைத் தொழிற்சாலை எந்திரங்கள் இன்றளவும் தம்வயப்படுத்தவில்லை. எனவே, கடையில் நாம் காணும் குரோஷாப் பொருள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கோ ஒரு மனிதக் கை இருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

1840களின் நடுவில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அயர்லாந்தில் பெரும்பஞ்சம் ஏற்பட்டபோது, குரோஷாப் பின்னல் பல குடும்பங்களுக்கு வருவாய் தந்தது. தமிழ்நாட்டின் தென்கோடியில், நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரிகைப்பின்னல் பயிற்சியைத் தொடங்கினார். அவருடைய மகள் எலிசா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லின் துணைவியார். அவர் இடையன்குடிப் பெண்களுக்குச் சரிகைப்பின்னல் கற்பித்தார். அது குரோஷாவிலிருந்து வேறுபட்டது. எனினும், நூலைக் கொண்டு பெண்கள் தம் காலில் நிற்க உதவிய அதே மரபைச் சேர்ந்தது.

அடுத்த வீட்டுக் குழந்தை

எங்கள் வீட்டை ஒட்டிய வரிசை வீடுகளில் பீகாரிலிருந்து வந்த குடும்பமொன்று வாடகைக்கு இருந்தது. தந்தை ஒரகடத்தில் வேலை பார்த்தார். அவர்களுக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. எங்கள் ஆயாவின் மடியில் அமர்ந்தே தமிழ் கற்றவள். அண்ணனைச் 'சாச்சா' என்று அழைப்பாள். அவர்கள் மொழியில் அது சித்தப்பா.

ஒருநாள் அவள் அண்ணனின் கையைப் பைக்குள்ளிருந்து இழுத்து வெளியே எடுத்துவிட்டாள். சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். "இது ரெண்டும் எங்க போச்சு?" என்றாள். அண்ணன் விடை கூறவில்லை. எழுந்து உள்ளே சென்றுவிட்டார்.

அவ்வாண்டு தை மாதத்தில் அக்குடும்பம் சொந்த ஊருக்குச் செல்லவிருந்தது. அங்கே அக்காலத்தில் மூடுபனியும் கடுங்குளிரும் இருக்கும். படப்பையில் பிறந்த அக்குழந்தை குளிரே அறியாதவள். "பிள்ளைக்குக் கையில போட ஏதாவது பின்னணும்டா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீ பின்னு, நான் சொல்லித் தரேன்" என்றார் ஆயா, அண்ணனிடம்.

"எந்தக் கையால ஆயா?" என்று கேட்டார் அண்ணன். வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

குரோஷாவில் வலக்கை ஊசியைப் பிடிக்கும். இடக்கையே நூலை விறைப்பாக வைத்திருக்கும். வழக்கமாக நூலைச் சுண்டுவிரலில் ஒருமுறை சுற்றி, சுட்டுவிரல் மேலாக எடுத்து வருவர். அண்ணனுக்குச் சுண்டுவிரல் இல்லை. ஆயா நூலைக் கையில் வாங்கி, தம் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு பலவாறு முயன்று பார்த்தார். பிறகு நூலை அண்ணனின் நடுவிரலில் இருமுறை சுற்றி, சுட்டுவிரல் மேலாகப் போட்டார். "விரலை எண்ணாதடா, கண்ணை எண்ணு" என்றார். பின்னலின் கண்களைத்தான் அவர் அவ்வாறு கூறினார்.

யானை உருவான விதம்

ஐந்து விரலும் தனித்தனியாகப் பிரிந்த கையுறை தொடக்க நிலையினர்க்குக் கடினம். கட்டைவிரலுக்குத் தனியறையும் மற்ற நான்கு விரல்களுக்கும் ஒரே அறையும் உடைய கையுறையே எளிது. விரல்கள் ஒன்றையொன்று ஒட்டியிருப்பதால் கதகதப்பும் மிகுதி. சாம்பல் நிறக் கம்பளி நூலையும் 4 மி.மீ. ஊசியையும் ஆயா எடுத்துக் கொடுத்தார்.

முதலில் இழுத்தால் இறுகும் வளையம் ஒன்றைச் செய்து, அதனுள் ஆறு ஒற்றைப் பின்னல்கள் போட வேண்டும். ஊசியைக் கண்ணுக்குள் நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணிகள் நிற்கும். மீண்டும் நூலை மாட்டி அவ்விரண்டின் வழியாகவும் இழுத்தால் ஓர் ஒற்றைப் பின்னல். இரண்டாம் சுற்றில் கண்ணுக்கு இரண்டாகப் பின்னப் பன்னிரண்டாகும். அடுத்த சுற்றில் ஒரு கண்விட்டு ஒரு கண்ணில் இரட்டிக்கப் பதினெட்டு. அதற்கடுத்த சுற்றில் மூன்றாம் கண்தோறும் இரட்டிக்க இருபத்து நான்கு. சுற்றுக்கு ஆறாக வளரும் வரையில் பின்னல் தட்டையான வட்டமாகவே விரியும். வளர்ச்சியை நிறுத்திய உடனே அது கிண்ணம்போல் குழிந்து எழத் தொடங்கும். கணக்கில் நான் கற்ற வட்டமும் உருளையும் என் கண்முன்னே நூலில் பிறந்தன. சுற்று தொடங்கும் இடம் மறந்துவிடாதிருக்க, வேறு நிற நூல்துண்டு ஒன்றை அங்கே அடையாளமாகச் செருகி வைப்போம்.

நான்கு வயதுக் குழந்தையின் கைக்கு இருபத்து நான்கு கண்கள் போதும். பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபின் கட்டைவிரலுக்கு வழிவிட வேண்டும். நான்கு சங்கிலிப் பின்னல் போட்டு, கீழேயுள்ள நான்கு கண்களைத் தாண்டிச் சுற்றைத் தொடர வேண்டும். அவ்விடத்தில் ஒரு துளை நிற்கும். மணிக்கட்டு வரை பின்னி முடித்தபின், அத்துளையைச் சுற்றிப் பத்துக் கண்கள் எடுத்துச் சிறு குழல் பின்னினால் அதுவே கட்டைவிரல்.

அங்கேதான் அண்ணனுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. கட்டைவிரல் குழலை இரண்டு சுற்று கூடுதலாக நீட்டினார். அது தும்பிக்கையாயிற்று! இரு சிறு வட்டங்கள் பின்னிப் பக்கத்துக்கு ஒன்றாகத் தைத்தார், காதுகள் வந்தன. குழந்தை கட்டைவிரலை அசைத்தால் யானை தும்பிக்கையை அசைக்கும். வண்டலூர் உயிரியல் பூங்காவிற்கு எங்களை ஆயா அழைத்துச் சென்ற நாளுக்குப் பிறகு, அண்ணன் அவ்வளவு உரக்கச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

முதல் கையுறையை அவர் நான்குமுறை பிரித்தார். கண் தவறியதால் ஒருமுறை. நூலை இறுக்கிப் பிடித்ததால் ஊசி நுழையாமல் இருமுறை. துளை தவறான இடத்தில் அமைந்ததால் ஒருமுறை. மென்பந்தை அழுத்த மறுத்த விரல்கள், நாள்தோறும் இரண்டு மணிநேரம் நூலைப் பிடித்திருந்தன.

கண்ணுக்குப் பொத்தான் தைக்கலாம் என்றேன் நான். ஆயா மறுத்தார். பொத்தான் கழன்றால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். எனவே கறுப்பு நூலாலேயே கண்களைத் தைக்கச் சொன்னார். பிறகு, கையுறையின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். உள்ளே தளர்ந்து நிற்கும் ஒற்றை இழைகூடப் பிஞ்சு விரலில் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும் என்றார். அதைக் கேட்ட அண்ணனின் முகம் மாறியது. அன்றிரவு அவர் இரு கையுறைகளையும் உள்வெளியாகத் திருப்பி வைத்துக்கொண்டு, விளக்கடியில் அமர்ந்து, நூல்முனை ஒவ்வொன்றையும் ஊசியால் உள்ளே செலுத்தி மறைத்தார். ஒன்றைச் செய்து பிறர் கையில் கொடுப்பவர் எவ்வாறு சோதித்துக் கொடுக்க வேண்டும் என்பதை நான் அன்று கண்டேன். அண்ணனிடம் எந்திரத்தை ஒப்படைத்தவர்கள் அவ்வாறு சோதிக்கவில்லை.

கையின் மதிப்பு

சென்னையில் தொடங்கப்பட்ட 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்னும் குழுவினர், 2016 சனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தனர். பல பெண்கள் தத்தம் வீட்டில் பின்னிய சதுரங்களை ஒன்றிணைத்த போர்வை அது. 2018இல் 58,917 குரோஷா உருவங்களைக் காட்சிக்கு வைத்து மற்றொரு சாதனையையும் நிகழ்த்தினர். ஒருவர் கை சிறிது; பலர் கை சேர்ந்தால் எத்துணைப் பெரிது என்பதற்கு இவை சான்றுகள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆந்திரத்தின் நரசாபூர்ப் பகுதிப் பெண்கள் பின்னும் குரோஷாச் சரிகை, நெடுங்காலமாக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. அப்பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஆய்வாளர் 1982இல் நூலொன்று வெளியிட்டார். வீட்டிலிருந்தே பின்னியதால் அவர்கள் உழைப்பாளராகவே எண்ணப்படவில்லை. ஓய்வுநேரப் பொழுதுபோக்கு எனக் கூறி மிகக்குறைந்த கூலியே தரப்பட்டது என்பதை அந்நூல் எடுத்துக்காட்டியது. கைவேலையை வியந்து பாராட்டுவது மட்டும் போதாது. ஆலையானாலும் திண்ணையானாலும், உழைக்கும் கைக்கு உரிய கூலியும் காப்பும் தருவதே உண்மையான பாராட்டு.

காணிக்கை

ஊருக்குப் புறப்படும் நாளன்று குழந்தை யானைகளை அணிந்துகொண்டாள். இரண்டு தும்பிக்கைகளையும் அசைத்து அசைத்துக் காட்டினாள். திடீரென நிறுத்தி, "சாச்சாவுக்கு எங்க?" என்று கேட்டாள். தனக்கு மட்டும் இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் என்ன சொல்வதென்று அறியாமல் நின்றார். அவள் ஒரு கையுறையைக் கழற்றினாள். அண்ணனின் இடக்கையைத் தானே பைக்குள்ளிருந்து எடுத்து, அவருடைய மூன்று விரல்களின் நுனியில் அதனை மாட்டினாள். அது பாதிகூட நுழையவில்லை. ஆயினும் அண்ணன் கட்டைவிரலை அசைத்தார். யானை தலையாட்டியது.

அந்த வாரம்தான் தமிழ் வகுப்பில் எங்கள் ஆசிரியை, 'கையுறை' என்னும் சொல்லுக்குப் பழைய இலக்கியத்தில் வேறொரு பொருள் உண்டு என்று கற்பித்தார். அகப்பாடல்களில் தலைவன் தலைவிக்குத் தழையும் பூவும் அன்புடன் கொண்டுவந்து கொடுப்பதைக் கையுறை என்பர்; பெரியோரைக் காணச் செல்வோர் கொண்டு செல்லும் காணிக்கையும் கையுறையே. கையை மூடும் உறைக்கும் கையில் தரும் பரிசுக்கும் ஒரே சொல்! எங்கள் வீட்டில் யார் யாருக்குக் கையுறை தந்தார் என்று அன்று முழுதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் இப்போது வேறொரு தொழிற்சாலையில் பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். புதிதாக வேலைக்குச் சேர்வோர்க்குப் பாதுகாப்பு வகுப்பெடுக்கும் பொறுப்பும் அவருடையது. பேசத் தொடங்குமுன் அவர் தம் இடக்கையை எல்லாரும் காணுமாறு உயர்த்திக் காட்டுவார். "தடுப்பு வேலை செய்யலன்னா எந்திரத்தைத் தொடாதீங்க. யார் சொன்னாலும் தொடாதீங்க" என்பதே அவருடைய முதல் பாடம்.

மாலையில் வீடு திரும்பியதும் அந்தக் கையில்தான் நூலைச் சுற்றிக்கொள்கிறார். நடுவிரலில் இருமுறை, சுட்டுவிரல் மேலாக ஒருமுறை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் கையாலேயே செய்யப்படும் தொழில் ஒன்றனைச் செய்பவரைச் சந்தித்து, அத்தொழிலுக்குரிய சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.

2. 'கையுறை' போலப் பழைய பொருளும் புதிய பொருளும் கொண்ட சொற்கள் ஐந்தினைக் கண்டறிந்து, அவற்றைத் தொடரில் அமைத்து எழுதுக.

3. "உழைக்கும் கைக்கு உரிய கூலியும் காப்பும் தருவதே உண்மையான பாராட்டு" என்னும் கருத்தை ஒட்டி ஒருபக்க அளவில் கட்டுரை எழுதுக.