புல்வெளி நாடி வரும் விருந்தினர்

குஜராத் மாநிலத்தின் பாவ்நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் வழியில் மலையும் இல்லை, அடர்ந்த காடும் இல்லை. காம்பே வளைகுடாவின் உப்புக் காற்று வீசும் சமவெளியே எங்கும் விரிந்து கிடக்கிறது. பருத்தி வயல்களையும் வெண்மை பூத்த களர் நிலங்களையும் கடந்து நாம் வேளாவதர் என்னும் சிற்றூரை அடைகின்றோம். சுமார் 34 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இவ்விடத்துப் புல்வெளி 1976 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

காடு என்றால் மரம் என்றே எண்ணிப் பழகிய நமக்கு இவ்விடம் முதலில் ஏமாற்றமாகவே தோன்றும். முழங்கால் உயரப் புல்லும் ஆங்காங்கே சில முட்புதர்களுமே கண்ணில் படுகின்றன. ஆயினும் சற்றுப் பொறுத்து நோக்கினால், முறுக்கிய கொம்புகளுடன் வெளிமான்கள் கூட்டங்கூட்டமாகத் துள்ளி ஓடுவதைக் காணலாம். அவற்றைத் தொடரும் ஓநாயும் இங்கு உண்டு.

இந்நிலம் முன்னாளில் பாவ்நகர் அரச குடும்பத்தாரின் வேட்டைக்களமாக இருந்தது. அக்குடும்பத்தின் கிருஷ்ணகுமாரசிங்ஜி 1948 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்ததை நம் முதியோர் நினைவுகூரக்கூடும். அவருடைய தம்பி தர்மகுமாரசிங்ஜி, பறவைகளைப் பற்றி நூல் எழுதிய அறிஞர். வேட்டையாலும் உழவாலும் வெளிமான்கள் அருகி வந்த காலத்தில், இப்புல்வெளியைக் காக்க வேண்டுமென்று முன்னின்று உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். வேட்டைக்கென ஒதுக்கிய நிலமே பின்னர் உயிர்களுக்குப் புகலிடமாயிற்று.

மானுக்காக எழுந்த இக்காவலில் பறவைகளும் வாழ்வு பெற்றன. ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும், கஜகஸ்தான் முதலிய வடபுலத்துப் புல்வெளிகளிலிருந்து பூனைப்பருந்துகள் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து இங்கு வந்து சேர்கின்றன. பகலெல்லாம் சுற்றுப்புற வயல்களின் மேல் தாழப் பறந்து இரை தேடுகின்றன. ஆந்தைக்கு உள்ளது போன்ற முகவட்டம் இவற்றுக்கும் இருப்பதால், புல்லினுள் அசையும் சிற்றுயிரின் ஒலியையும் கேட்டறிய வல்லவை.

கதிரவன் மேற்கே சாயும் வேளையில் அவை நாற்றிசையிலிருந்தும் திரும்புகின்றன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு பத்து, இருபது, சிறிது நேரத்தில் வானமே சிறகுமயம்! சாம்பல் நிற ஆண்களும் பழுப்பு நிறப் பெண்களும் வட்டமிட்டு ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் இறங்கி மறைகின்றன. மற்றப் பருந்துகளைப் போல் இவை மரக்கிளை நாடுவதில்லை, தரையிலேயே உறங்குகின்றன. 1990களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் இங்கு எண்ணப்பட்டன. உலகின் மிகப் பெரிய பூனைப்பருந்துக் கூடல்களுள் ஒன்றாக இவ்விடம் மதிக்கப்படுகிறது.

விடிந்தபின் அவை உறங்கிய இடங்களில் செரியாது கக்கிய சிறு உருண்டைகள் கிடக்கும். ஆய்வாளர்கள் அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது வெட்டுக்கிளிகளின் எச்சங்கள் மிகுதியாகக் கிடைத்தன. பயிரைத் தின்னும் பூச்சியைத் தின்று, கூலி கேளாமலே உழவனுக்கு ஊழியம் புரிகின்றன இப்பறவைகள். அந்த வயல்களிலே நஞ்சு தெளித்தால் பூச்சியோடு பருந்தின் உணவும் அழிகின்றது.

மழைக்காலத்தில் வரும் விருந்தாளி வேறு. அது வரகுக்கோழி. கரிய சேவல், பெட்டையின் கண்ணில் படும்படி புல்லுக்கு மேலே துள்ளித் துள்ளி எழும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முறை அவ்வாறு குதிக்கும். பூங்கா அப்பருவத்தில் பார்வையாளருக்கு மூடப்படுவதால் இனப்பெருக்கம் இடையூறின்றி நடக்கிறது. ஆயினும் இந்தியத் துணைக்கண்டத்துக்கே உரிய இப்பறவை, 2021 முதல் மிகக் கடுமையான அழிவாபத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

காவல் இருந்தும் ஏன் இந்நிலை? பறவைக்குப் பூங்காவின் எல்லைக்கல் தெரியாது. உறங்க இங்கே இடமுண்டு. உண்ண வெளியே செல்ல வேண்டும். வெளியே உள்ள புல்வெளிகளோ அரசு ஏடுகளில் 'தரிசு' என்றே பதிவாகியுள்ளன. தரிசு என்று பெயரிட்டபின் அதை உழுவதும், அதில் மரம் நடுவதும், ஆலை கட்டுவதும் நற்செயல்களாகவே தோன்றுகின்றன. வடகிழக்கே தொலேராவில் புதியதொரு தொழில் நகரம் உருவாகி வருகிறது. நாம் நன்கறிந்த சீமைக் கருவேலும் இப்புல்வெளிக்குள் நுழைந்துவிட்டது. அதனை வேரோடு அகற்றுவது ஓயாத வேலை.

பூனைப்பருந்துகள் நமக்கும் அந்நியமல்ல. குளிர்காலத்தில் திருநெல்வேலிச் சீமையின் புன்செய் நிலங்களிலும் அவை வந்து தங்குவதுண்டு. நம் ஊர் மேய்ச்சல் நிலத்தைக் காட்டி, "இது வெற்றிடந்தானே?" என்று பிள்ளைகள் கேட்டால், மாலை வேளையில் அவர்களை அங்கே அழைத்துச் சென்று சற்று நேரம் அமைதியாக நிற்கச் செய்வோம். அது யாருடைய வீடு என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.