ஆபரேஷன் செய்த நாய்க்குக் கண்காட்சியில் இடம் உண்டா?

மணப்பாட்டிலிருந்து உடன்குடி போகும் வழியில், பனைகளுக்கு நடுவே இரண்டு ஏக்கர் முருங்கைத் தோட்டம். சீசனில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டியும் போடும் குடும்பம் அது. பன்னிரண்டு ஆடுகள். அவற்றுக்குக் காவலாக ஒரு சிப்பிப்பாறைப் பெட்டை நாய். செவலை நிறம், ஐந்து வயது, பெயர் ராணி. கோவில்பட்டிப் பக்கத்துச் சம்பந்தி வீட்டிலிருந்து குட்டியாக வந்தது.

கல்லூரியில் படிக்கும் மகளுக்கு ராணியை நாய்க் கண்காட்சிக்குக் கொண்டுபோக ஆசை. குளிர்காலத்தில் மதுரையில் ஒரு கண்காட்சி நடக்கப்போவதாகக் கேள்விப்பட்டதும் வேலையைத் தொடங்கிவிட்டாள். விடியற்காலையில் மணப்பாட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கயிற்றை இழுக்காமல் நேராக நடக்கப் பழக்கினாள். அந்நியர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாலும் உறுமாமல் நிற்கப் பழக்கினாள். ஊரில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும்தான்.

செப்டம்பரில் சிலுவைத் திருவிழாக் கூட்டம் ஊரை நிறைத்திருந்த நேரம், ராணி சோறு தின்னாமல் படுத்துவிட்டது. தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தது. அடிக்கடி சிறுநீர் கழித்தது, வாந்தி எடுத்தது. ஒன்றரை மாதத்துக்கு முன்புதான் பருவத்துக்கு வந்து போயிருந்தது. வயிறு கொஞ்சம் பெருத்திருந்ததால் சினையாக இருக்குமோ என்று வீட்டில் நினைத்தார்கள். மூன்றாம் நாள் எழுந்து நிற்கவே முடியவில்லை. வண்டி பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னார்: "சினை இல்லை. கர்ப்பப்பையில சீழ் கட்டியிருக்கு. வெளியே வடியவும் வழியில்லாம வாய் மூடிக் கிடக்கு. இன்னைக்கே கர்ப்பப்பையை எடுத்தா பிழைக்கும்."

மகள் அப்பாவைத் தனியே அழைத்தாள். "எப்பா, மருந்துலயே சரி பண்ணலாம்லா? ஆபரேஷன் பண்ணிட்டா கண்காட்சியில சேர்க்க மாட்டாங்கப்பா. விதியில போட்டிருக்கு."

அப்பா டாக்டரிடமே கேட்டார். கர்ப்பப்பை வாய் திறந்து சீழ் வடிந்துகொண்டிருந்தால், வயது குறைந்த இனவிருத்தி நாய்களுக்குச் சில சமயம் மருந்தால் முயன்று பார்ப்பதுண்டு, ராணியின் நிலையில் அது ஆபத்து என்று டாக்டர் விளக்கினார். அப்பா மகளிடம் திரும்பி, "நாய் இருந்தாத்தானட்டி போட்டி" என்றார். கையெழுத்துப் போட்டார்.

ராணி பிழைத்தது. பத்து நாளில் தையல் பிரித்தார்கள். மகளுக்கோ ஒரு கேள்வி மட்டும் ஆறவில்லை. நடையும் பல்லும் நிறமும் அப்படியே இருக்க, கர்ப்பப்பை இல்லை என்பதற்காக ஏன் ஒதுக்க வேண்டும்?

விதைக்கான தேர்வு

மாட்டை வைத்துப் பார்த்தால் இதற்கு விடை எளிது. ஊரில் பொலிகாளையைப் பார்க்கும் கண் வேறு, காயடித்த உழவுமாட்டைப் பார்க்கும் கண் வேறு. பொலிகாளையிடம் அதன் கன்றுகளைப் பார்க்கிறோம். உழவுமாட்டிடம் அதன் வேலையைப் பார்க்கிறோம். நாய்க் கண்காட்சி பொலிகாளைப் பார்வையில் தொடங்கியது. அழகுப் போட்டி போலத் தெரிந்தாலும், இனத்துக்குரிய உடலமைப்பைக் குட்டிகளுக்குக் கொடுக்கத் தகுந்த நாய் எது என்று தேர்ந்தெடுப்பதே அதன் நோக்கம். வயலில் விதைக்கதிரைத் தனியே குறித்து வைப்பது போன்ற வேலை இது.

அதனால்தான் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் வழக்கமான உடலமைப்புப் போட்டிகளில் கருத்தடை செய்த நாய்களுக்கு இடமில்லை. பல நாடுகளின் கென்னல் கிளப்புகள் சேர்ந்த எஃப்.சி.ஐ. அமைப்பின் இனத் தர வரையறைகளில், ஆண் நாய்க்கு இரண்டு விதைகளும் இயல்பாகப் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்ற வரி இருக்கிறது. நடுவர் கையால் தொட்டுப் பார்ப்பார். ஒரு விதை வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும் குறை குட்டிகளுக்கும் போகக்கூடியது. உள்ளே தங்கிய விதையில் பின்னாளில் கட்டி வரும் வாய்ப்பும் அதிகம். அப்படிப்பட்ட நாயை இனவிருத்திக்கு விடாமல் ஆபரேஷன் செய்துவிடுவதே நல்லது.

எல்லா நாட்டிலும் கதவு மூடியிருக்கவில்லை. க்ரஃப்ட்ஸ் கண்காட்சியை நடத்தும் இங்கிலாந்தின் கென்னல் கிளப், கருத்தடை செய்த நாய்களையும் முறைப்படி தெரிவித்துவிட்டுப் போட்டியில் நிறுத்த அனுமதிக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அவற்றுக்குத் தனிப் பிரிவே உண்டு. பூனைக் கண்காட்சிகளில் கருத்தடை செய்த பூனைகளுக்குத் தனிப் பட்டம் கொடுப்பது பழைய வழக்கம். உழவுமாட்டுக்குத் தனிப் பரிசு கொடுப்பது போலத்தான் இதுவும்.

நம் ஊருக்கு எது பொருந்தும்?

ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டையும் 2020-ல் கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகம் இனங்களாகப் பதிவு செய்தது. கன்னி, கோம்பை நாய்களும் நம் தென்மாவட்டத்துச் சொத்துகள்தான். எண்ணிக்கை குறைந்த இனத்தில் நல்ல நாய் ஒவ்வொன்றும் விதைக்குத் தேவை. எனவே விருத்திக்கான போட்டி, விருத்தி செய்யக்கூடிய நாய்களுக்கே என்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த விதிக்கு ஒரு விலையும் உண்டு. மெடல் ஆசையில் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்கள். பருவத்தில் கட்டிவைக்க முடியாமல் கண்ட நாயோடு சேர்ந்து குட்டி போடுகிறது. பெட்டைக் குட்டிகள் சந்தையோரத்தில் விடப்படுகின்றன. அவைதான் பின்னால் தெருநாய்ப் பிரச்சினையாகத் திரும்பி வருகின்றன. தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட 2023-ல் மத்திய அரசு புதிய விதிகளைக் கொண்டுவந்தது. வீட்டு நாயின் குட்டிகள் தெருவுக்கு வந்துகொண்டே இருந்தால் அந்த வேலை முடியாது.

ஆகவே உள்ளூரில் நாட்டு நாய்க் கண்காட்சி நடத்துபவர்கள், விருத்தி நாய்களுக்கு ஒரு பிரிவும் கருத்தடை செய்த நாய்களுக்கு ஒரு பிரிவும் வைக்கலாம். இரண்டாவது பிரிவில் உடலமைப்போடு காவலையும் பணிவையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆபரேஷன் செய்தவருக்கும் கயிற்றைப் பிடித்து நிற்க ஓர் இடம் கிடைக்கும்.

தேடிப் போன குட்டிகள்

ராணியின் வீட்டில் அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். மூன்று வயதில் ராணி ஒரு ஈற்று போட்டிருந்தது. நான்கு குட்டிகள். யார் யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதி வைக்கவில்லை. "நம்ம ராணி வம்சம் போச்சேப்பா" என்று மகள் அழுதபோதுதான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார்கள். ஒன்று வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டது. ஒன்று எங்கே போனது என்றே தெரியவில்லை. ஓர் ஆண் குட்டியை, ஊர் சுற்றுகிறது என்று காயடித்துவிட்டார்கள். ஒரு பெட்டை மட்டும் சாத்தான்குளத்தில் நன்றாக இருக்கிறது.

ராணியின் வம்சத்தை ஆபரேஷன் கத்தி அழிக்கவில்லை. எழுதி வைக்காததால்தான் கைவிட்டுப் போகப் பார்த்தது.

இதிலிருந்து மற்ற குடும்பங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில:

* குட்டி வாங்கும்போதே விருத்திக்கா, காவலுக்கா என்று முடிவு செய்யுங்கள். காவலுக்கு மட்டும் என்றால், கருத்தடைக்கு ஏற்ற வயதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள்.
* விருத்திக்கு என்றால் தாய், தகப்பன், பிறந்த தேதி, தடுப்பூசி, குட்டி போன வீடு எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். விருத்தி முடிந்ததும் கருத்தடை செய்யுங்கள்.
* கண்காட்சிக்குப் பணம் கட்டும் முன் விதிகளைக் கேளுங்கள். கருத்தடை செய்ததை மறைக்காதீர்கள்.
* கருத்தடை செய்யாத பெட்டை, பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் அதிகம் தண்ணீர் குடித்து, தீனி எடுக்காமல் படுத்தால் ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள். நம் பகுதியில் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மதுரைக் கண்காட்சிக்கு அந்தப் பெண் போய்வந்தாள். ராணி வீட்டில்தான் இருந்தது. வேலிக்கு வெளியே நின்று மற்றச் சிப்பிப்பாறைகளைப் பார்த்து, நல்ல ஆண் நாய் வைத்திருந்த இருவரின் விவரத்தைக் குறித்துக்கொண்டு வந்தாள். சாத்தான்குளத்துப் பெட்டைக்கு அடுத்த பருவம் வரும்போது அவர்களில் ஒருவரைக் கேட்கப்போகிறார்கள். அவள் வாங்கிய நோட்டின் முதல் பக்கத்தில் ராணியின் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே மகளுக்கு ஒரு வரி, பேரக்குட்டிகளுக்கு இடம் விட்டு.