குளிக்கிற ஆறே குடிக்கிற ஆறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் திருச்சிக்காரர்களுக்கு முக்கொம்பு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். ஆர்தர் காட்டன் 1830களில் மேலணை கட்டிய இடம். ஆடிப்பெருக்கு என்றாலோ ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமிருக்காது.

இரண்டுக்கும் நடுவே, தென்கரையில் கம்பரசம்பேட்டை. அங்கே ஆற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளில் ஊறும் தண்ணீர்தான் நகரத்துக் குழாய்களுக்குப் போகிறது. மேலே ஒருவர் தேய்க்கும் சோப்பு எங்கே போகும்? மணல் அழுக்கை வடிகட்டும், கிருமிகளையும் ஓரளவு பிடித்து வைக்கும். கரைந்துபோனதை எல்லாம் அதனால் தடுக்க முடியாது. அந்த மணலையும் லாரியில் அள்ளிவிட்டால் அதுவும் இல்லை.

நியூயார்க் நகரம் தன் குடிநீர் ஏரிகளில் அனுமதிச்சீட்டு வாங்கி மீன் பிடிக்கலாம் என்கிறது. துடுப்புப் படகும் விடலாம், ஆனால் முதலில் படகை நீராவியால் கழுவ வேண்டும். நீந்தக் கூடவே கூடாது.

திருச்சியில் அந்தச் சட்டம் செல்லாது. காவிரியில் முழுக்குப் போடாதே என்று ஸ்ரீரங்கத்தில் யார் சொல்வது? சொல்லவும் வேண்டாம். சோப்பும் ஷாம்பூ பாக்கெட்டும் அவிழ்த்துப் போடும் பழந்துணியும் கரையோடு நிற்கட்டும், மணல் ஆற்றோடு இருக்கட்டும். அம்மா மண்டபத்துக்குக் கீழேயும் காவிரியைக் குடிக்கிற ஊர்கள் இருக்கின்றன.